மொட்டை மாடியில் நிறுத்த வேண்டிய வெயில்

(புதுச்சேரி, தேங்காய்த்திட்டில் பங்குனி மாதத்து ஞாயிறு மாலை ஆற்றிய உரை)



'கோடையில் வீட்டைக் குளிர்ச்சியாக வைப்பது எப்படி' என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். அதை நான் சுருக்கிக்கொள்கிறேன். ஜன்னலை விட்டுவிடுகிறேன். சுவரை விட்டுவிடுகிறேன். மரம் வளர்ப்பதைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், அதையும் விட்டுவிடுகிறேன். நாம் துணி காயப்போடுகிற, வடாம் பிழிகிற, கரண்ட் போனால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறுகிற மொட்டை மாடி இருக்கிறதே, அது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதன் வழியாக வீட்டுக்குள் இறங்கும் வெயிலை எங்கே நிறுத்துவது, எப்படி நிறுத்துவது? இன்றைய பேச்சு இவ்வளவுதான்.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் புழுக்கம் தாங்க முடியாத நேரம் எது? உச்சி வெயில் அடிக்கிற மத்தியானம் பன்னிரண்டு மணியா?

(சபையில் 'ராத்திரி, ராத்திரி' என்று குரல்கள்.)

ராத்திரி! சரியாகச் சொன்னீர்கள். வெயில் இறங்கிவிட்டது. கடல்காற்று வந்துவிட்டது. தெருவில் நின்றால் சட்டை படபடக்கிறது. ஆனால் உள்ளே வந்து படுத்தால் முதுகு பாயில் ஒட்டுகிறது. மின்விசிறியை ஐந்தில் வைத்தாலும் அனல்தான் வீசுகிறது. சூரியன் மறைந்து மூன்று மணி நேரம் ஆன பிறகு வீடு ஏன் கொதிக்க வேண்டும்? அந்தச் சூரியன் எங்கே போய் ஒளிந்துகொண்டான்?

உங்கள் தலைக்கு மேலே, ஐந்து அங்குலக் கான்கிரீட்டுக்குள்!

அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் இன்னொரு தோசை வேகுமே, அதே கணக்கு. கோடை மத்தியானத்தில் நம் மொட்டை மாடியின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தொடும். வெறுங்காலோடு ஏறியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சூடு கான்கிரீட்டுக்குள் மெதுவாக இறங்கி அடிப்பக்கத்துக்கு வந்து சேர மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். மேலே செங்கல் ஜல்லித் தளமும் தட்டோடும் போட்டிருந்தால் இன்னும் தாமதமாகும். மதியம் வாங்கிய சூட்டைத்தான் நீங்கள் படுக்கிற நேரத்தில் அது உங்கள் மேல் இறக்குகிறது.

எப்படி இறக்குகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் தோலின் வெப்பம் 33, 34 டிகிரி. சீலிங் 38, 40 டிகிரியில் இருந்தால் அங்கிருந்து சூடு கதிராக நம் மேல் நேரே பாய்கிறது. நடுவில் காற்று சூடாக வேண்டிய அவசியமே இல்லை. வெயில் முகத்தில் எப்படிப் படுகிறதோ அதே வழிதான். அதனால்தான் அறையில் காற்று 30 டிகிரி இருந்தாலும் உடம்பு காய்கிறது. மின்விசிறியால் காற்றை அசைக்க முடியும், சீலிங்கைக் குளிர வைக்க முடியுமா? ஏசிக்காரருக்கும் இதே தொல்லை. அறைக் காற்றை ஏசி குளிர வைத்துக்கொண்டே இருக்கிறது, சீலிங் சூடாக்கிக்கொண்டே இருக்கிறது. இந்த மல்லுக்கட்டுக்குக் கரண்ட் பில் கட்டுவது யார்? நாம்தான்!

இன்னொன்று. சுவரை விட்டுவிட்டு மாடியை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டேன்? நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 12 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 21, 22 வாக்கில் நடுப்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். நட்டுவைத்த குச்சிக்கு நிழல் விழாது. ஆகஸ்ட் 20ஐ ஒட்டி இன்னொரு முறை அப்படி நிற்கும். நடுவில் உள்ள மாதங்களிலும் பெரிதாக விலகிப் போவதில்லை. அப்படியானால் உச்சி வெயிலை முழுக்க வாங்குவது எது? தெற்குச் சுவருக்கு அந்த நேரத்தில் வெயிலே இல்லை. கிழக்குச் சுவருக்குக் காலையில் பாதி, மேற்குச் சுவருக்கு மாலையில் பாதி. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை ஓயாமல் வாங்குவது மாடி ஒன்றுதான்.

இப்போது உங்களைக் கொஞ்சம் குளிர் தேசத்துக்கு அழைத்துப் போகிறேன். நம் ஊரில் இது ஒன்றும் புதுப் பயணம் இல்லை. பிரெஞ்சுப் படையில் இருந்த பழைய சொல்தா குடும்பங்கள் எத்தனை இங்கே! பாரிசுக்குப் பக்கத்தில் சர்செல், லா கூர்நெவ் என்று பெரியப்பா பிள்ளையோ தாய்மாமனோ இல்லாத தெரு உண்டா? அவர்களோடு ஜனவரி மாதத்தில் போனில் பேசிப் பாருங்கள். நாம் வெயிலைத் திட்டுகிற மாதிரி அவர்கள் கூரையைத் திட்டுவார்கள். "ஹீட்டர் ஓடிக்கிட்டே இருக்கு மாப்பிள்ளை, சூடெல்லாம் கூரை வழியா போயிடுது" என்பார்கள்.

அது வெறும் புலம்பல் இல்லை. வெப்பக்காப்பு இல்லாத ஒரு பழைய வீட்டில் வீணாகும் சூட்டில் 25 முதல் 30 விழுக்காடு கூரை வழியாகத்தான் போகிறது என்பது பிரெஞ்சு அரசின் எரிசக்தி முகமையான அதெம் சொல்லும் கணக்கு. சூடான காற்று மேலே ஏறும். மேலே ஓட்டுக்குக் கீழே வெறும் பரண். அங்கிருந்து வெளியே. 1973இல் பெட்ரோல் விலை எகிறியபோது பிரான்ஸ் விழித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே, 1974இல், புது வீடுகளுக்கு வெப்பக்காப்பு விதிகளைக் கொண்டுவந்தது. இன்று ஒரு பரணில் கண்ணாடி நார்ப்பஞ்சை 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் பரப்புகிறார்கள். ஏறக்குறைய ஓர் அடி உயரம், அவ்வளவு! 2025 ஜனவரி முதல், எரிசக்தித் தரத்தில் கடைசிப் படியான 'ஜி' வாங்கிய வீட்டைப் புதிதாக வாடகைக்கே விடக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள்.

அங்கேயும் கூத்து நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு யூரோ கொடுத்தால் பரணுக்கு வெப்பக்காப்பு போட்டுத் தருகிறோம் என்று ஒரு திட்டம். மிச்சத்தை அரசு ஏற்பாடு பார்த்துக்கொள்ளும். போலிக் கம்பெனிகள் புகுந்தன. வீட்டுக்கு வீடு போன். அரைமணி நேரத்தில் பஞ்சை வீசிவிட்டு, மூலைமுடுக்கை நிரப்பாமல் ஓடிவிட்டார்கள். 2021 ஜூலையோடு அந்த ஒரு யூரோ வியாபாரம் முடிந்தது. மாடிக்கு ஏதோ பூசுகிறேன் என்று நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

அங்கே சூடு வெளியே போகக் கூடாது. இங்கே சூடு உள்ளே வரக் கூடாது. திசைதான் வேறு, வாசல் ஒன்றுதான். அந்த வாசல் கூரை.

அப்படியென்றால் நம் முன்னோர் என்ன செய்தார்கள்? அவர்களுக்கு மட்டும் வெயில் குறைவாகவா அடித்தது?

தென்னங்கீற்று வேய்ந்த வீட்டில் படுத்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். முடைந்த கீற்றை ஒன்றன் மேல் ஒன்றாக நெருக்கிக் கட்டும்போது இடையிடையே காற்று சிக்கிக்கொள்கிறது. அசையாத காற்றைப் போல வெப்பத்தைத் தடுப்பது வேறெதுவும் சுலபத்தில் இல்லை. பிரான்சுக்காரர் கண்ணாடி நாரில் சிறைப்பிடிப்பதும் அதே காற்றைத்தான். ஆனால் கீற்றுக்கு நெருப்புப் பயம், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய செலவு. அதனால்தான் விட்டோம். விட்டதில் தப்பில்லை. எரிந்த குடிசைகளைப் பார்த்தவர்கள் யாரும் கீற்றுக்குத் திரும்பச் சொல்ல மாட்டார்கள்.

வசதி இருந்தவர்கள் மெட்ராஸ் டெரஸ் போட்டார்கள். நகரத்துக்குள் பிரெஞ்சுத் தெருக்களிலும் தமிழ்த் தெருக்களிலும் பழைய வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் தெரியும். வரிசையாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் சின்னச் செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டமாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கோத்திருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். கடைசியில் தட்டோடு. எல்லாம் சேர்ந்து முக்கால் அடி கனம் வரும்.

அந்தத் தளத்தை அடிக்கிற வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? பெண்கள் இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாகக் குந்தியிருப்பார்கள். கையில் தட்டையான மரக்கட்டை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பாட்டுக்கு ஏற்ற தாளத்தில் அடித்துக்கொண்டே அரை அடி அரை அடியாக நகர்வார்கள். ஒரு நாள் இரண்டு நாள் வேலை இல்லை. கட்டை தளத்தில் பதியாமல் எகிறித் திரும்ப வேண்டும், அதுவரை அடி. மேஸ்திரி வந்து காலால் தட்டிப் பார்த்து 'போதும்' என்று சொன்னால்தான் அடுத்த வேலை. தண்ணீர் இறங்காத தளம், வெயில் மெதுவாக இறங்கும் தளம். நல்ல உயரத்தில் சீலிங். சூடு இறங்கினாலும் அது ஆளிடம் வந்து சேரத் தூரம் இருந்தது.

பிறகு கான்கிரீட் வந்தது. வேகமாக வந்தது, மலிவாக வந்தது. மரம் வேண்டாம், தளம் அடிக்க ஆள் வேண்டாம். முக்கால் அடி கனம் ஐந்து அங்குலமாகச் சுருங்கியது. அந்த உயரமும் பத்து அடியாகச் சுருங்கியது. கான்கிரீட்டுக்குப் பாரம் தாங்கத் தெரியும். வெப்பத்தைத் தடுக்கத் தெரியாது. ஒரு கணக்குச் சொல்கிறேன், வீட்டுக்குப் போய் நினைத்துப் பாருங்கள். இரண்டு அங்குலத் தெர்மாகோல் எவ்வளவு வெப்பத்தைத் தடுக்குமோ, அவ்வளவைக் கான்கிரீட்டால் தடுக்க வேண்டுமென்றால் அது ஏறக்குறைய இரண்டு மீட்டர் கனம் இருக்க வேண்டும். இரண்டு மீட்டர்! கோட்டைச் சுவரைத்தான் அப்படிக் கட்டுவார்கள்.

அப்படியானால் கான்கிரீட்தான் வில்லனா? இல்லை. அதற்குச் சாட்சி வெளிநாட்டில் இல்லை. இங்கிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில், அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியாக நிற்கிறது. அதன் பெயர் கோல்கொண்டா.

அந்தப் பெயர் எப்படி வந்தது? ஐதராபாத் நிஜாமின் அரசிலிருந்து, சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் வந்த நன்கொடையில் எழுந்த கட்டடம். அதனால் ஐதராபாத்தை ஒட்டிய கோல்கொண்டாவின் பெயர். 1937இல் வேலை தொடங்கியது. வரைந்தவர் அந்தோனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்து, அமெரிக்கரான பிறகு ஜப்பானில் தொழில் நடத்தியவர். தோக்கியோவில் இம்பீரியல் ஓட்டல் எழும்பியபோது பிராங்க் லாயிட் ரைட்டிடம் வேலை பார்த்தவர். அவரோடு பிரான்ஸ்வா சம்மர், ஜார்ஜ் நாகஷிமா என்ற இரண்டு இளைஞர்கள். பின்னாளில் அமெரிக்காவில் மரவேலைக்கே பெயர்போனவராக ஆன அதே நாகஷிமா, இங்கே ஆசிரமவாசியாகவே தங்கி 'சுந்தரானந்தா' என்ற பெயரும் வாங்கியவர். கட்டியவர்களில் பெரும்பகுதி ஆசிரமத்துச் சாதகர்கள். பக்தர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கித்தான் கதவுப் பிடிகளை வார்த்தார்கள். இரண்டாம் உலகப் போர் குறுக்கே வந்தது, சாமான் கிடைக்கவில்லை, வேலை இழுத்துக்கொண்டே போனது. ஆனாலும் அவசரப்படவில்லை. ஓர் அறையை முழு அளவில் மாதிரியாகக் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போனார்கள்.

அதை முழுக்க முழுக்கக் கான்கிரீட்டில் கட்டினார்கள். இதே ஊரில், இதே வெயிலில். ஏசி இல்லாமல் இன்றைக்கும் ஆட்கள் தங்குகிறார்கள். எப்படி?

நீளமான பக்கங்களை வடக்கும் தெற்குமாக வைத்தார்கள். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் திறந்து மூடும் பட்டைகளை வரிசையாக வைத்தார்கள். காற்று குறுக்கே ஓடும். எல்லோரும் இதைத்தான் படம் எடுக்கிறார்கள், இதைத்தான் எழுதுகிறார்கள். நான் உங்களை இன்னும் மேலே அழைத்துப் போக விரும்புகிறேன். கூரைக்கு! தட்டையான கான்கிரீட் தளத்தைப் போட்டு முடித்த பிறகு, அதற்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகளைத் தனியே வார்த்து, வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்கள். மேலே ஓடு, கீழே தளம், நடுவில் காற்று. வெயில் ஓட்டின் முதுகில் விழுகிறது. ஓடு சூடாகிறது. அடியில் உள்ள காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகிறது. தளத்துக்கு வெயிலே தெரியாது. தளத்துக்கு வெயில் தெரியவில்லை என்றால் கீழே தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

கூரைக்கு ஒரு கூரை! குடை பிடித்த கூரை! ஏறக்குறைய தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால், தெர்மாகோல் பேச்சே இல்லாத காலத்தில், நம் ஊரில் செய்து காட்டியாயிற்று. நாம் அந்தத் தெருவில் போகும்போது மதிலைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்.

"அதெல்லாம் பெரிய இடம் சார், நம்மால முடியுமா?" என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. முடியும். நீங்கள் பாதி செய்தும் விட்டீர்கள்! தேங்காய்த்திட்டிலும் முருங்கப்பாக்கத்திலும் மாடிக்கு மாடி நிற்கிற ஷீட் கொட்டகை என்ன? அது கோல்கொண்டாவின் சொந்தக்காரன்தான். துணி காய, விசேஷத்துக்குப் பந்தி போட என்று போட்டீர்கள். அது உங்கள் தளத்துக்கு நிழல். நாலு பக்கமும் திறந்து, ஆள் நிற்கும் உயரத்தில், காற்று ஓடுகிற மாதிரி இருந்தால் கீழ்வீட்டுக்கு இதைவிடக் குளிர்ச்சி தருவது வேறொன்றும் இல்லை. ஆனால் நாம் அங்கே நிறுத்துகிறோமா? ஒரு வருஷம் கழித்துச் சுற்றிலும் சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, 'ரூம் ரெடி' என்று வாடகைக்கு விட்டுவிடுகிறோம். காற்று நின்றது. குடை அடுப்பாக மாறியது. மேலே குடியிருக்கிற பையன் வேகிறான்.

கொட்டகை போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி அதிகாலையில் தானே புயல் வந்தபோது ஷீட்டுகள் எங்கெங்கே போய் விழுந்தன என்பதை உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டுமா? கம்பத்தைத் தளத்துக்குள் சரியாக இறக்கிக் கட்டாத கொட்டகை போடுவதைவிடப் போடாமல் இருப்பது நல்லது.

மாடியில் சூரியத் தகடு வைத்தாலும் இதே நிழல் கிடைக்கும். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 2011இல் அளந்து பார்த்ததில், தகடு வைத்த கூரை வாங்கிய வெப்பம் 38 விழுக்காடு குறைந்திருந்தது. கரண்டும் வருகிறது, நிழலும் வருகிறது.

சரி, கொட்டகைக்கும் தகட்டுக்கும் பணம் இல்லை. அப்போது? வெள்ளையடியுங்கள்!

சிரிக்காதீர்கள். பழைய சாம்பல் நிறக் கான்கிரீட் தன் மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைக் கூடத் திருப்பி அனுப்புவதில்லை. சுத்தமான வெள்ளைப் பரப்பு முக்கால் பங்கைத் திருப்பிவிடும். ஆமதாபாத்தில் 2010 மே மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். வெயில் கொன்றது. அந்த ஊர் 2013இல் வெப்பச் செயல்திட்டம் போட்டது. 2017இல் ஏழைகளின் கூரைகளுக்குச் சுண்ணாம்பு பூசக் கிளம்பியது. இப்படிப் பூசினால் வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்பது அந்த வேலையில் இருந்தவர்கள் சொல்வது. தெலங்கானா 2023இல் இதற்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. நம் பக்கத்துத் தமிழ்நாடு வெப்ப அலையை 2024இல் மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது.

கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, மாடியை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு மெல்லிசாக இரண்டு மூன்று கை. கடையில் விற்கிற கூலிங் பெயின்ட் இதைவிட அதிக நாள் நிற்கும், விலையும் அதற்கேற்ப நிற்கும். எதை அடித்தாலும் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. போன மாதம் ஒரு வீட்டு மாடியில் கேட்ட பேச்சு:

"என்னா மேஸ்திரி, போன வருஷந்தான அடிச்சோம், அதுக்குள்ள கறுத்துப்போச்சே?"

"கடலோரம்மா. மழ பெஞ்சா பாசி ஏறத்தான் செய்யும். வருஷா வருஷம் பங்குனியில ஒரு கை போட்டுடணும்."

அவ்வளவுதான் விஷயம். கறுத்த வெள்ளைக்கு மதிப்பில்லை. பொங்கலுக்குச் சுவருக்கு அடிக்கிறோம், பங்குனியில் மாடிக்கு அடிப்போம்.

அடுத்தது, காசு கொஞ்சம் இருக்கிறவர்களுக்கும், புது வீடு கட்டுகிறவர்களுக்கும். முன்பெல்லாம் மாடியில் மண்பானைகளை நெருக்கமாகக் கவிழ்த்து, இடுக்கில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் அடைத்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். பானைக்குள் காற்று. மறுபடியும் அதே காற்று! வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பொம்மை வாங்கி ஷோகேசில் வைக்கிறோம். நூறு பானை வாங்கி மாடியில் கவிழ்த்தால் அந்தக் குயவருக்கும் லாபம், நமக்கும் தூக்கம். பாரம் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அல்லது தெர்மாகோலின் அண்ணன் மாதிரி, தண்ணீர் குடிக்காத கெட்டி நுரைப்பலகை கிடைக்கிறது. முதலில் வாட்டம் சரியாக இருக்க வேண்டும். பிறகு நீர்க்கசிவுத் தடுப்பு. அதன் மேல் பலகை. அதன் மேல் சிமெண்ட் காரை, கடைசியில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ். இந்த வரிசை மாறக் கூடாது. வீடுகளுக்காக மத்திய அரசு 2018 டிசம்பரில் கொண்டுவந்த 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பு, கூரை கடத்தும் வெப்பத்துக்கு 1.2 என்ற உச்ச அளவு வைத்திருக்கிறது. நம் வெறும் கான்கிரீட் தளத்துக்கு அதே அளவுகோலில் மூன்றுக்கும் மேல் வரும். வீட்டு வரைபடத்துக்கு அனுமதி தருகிற மேசையில் செட்பேக் எவ்வளவு, மழைநீர்த் தொட்டி எங்கே என்று கேட்கிறார்கள். கூரைக்கு என்ன போட்டாய் என்றும் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லி நாம் கேட்க வேண்டாமா?

இங்கே ஒரு சண்டையை ஆரம்பித்து வைக்கிறேன். ஃபால்ஸ் சீலிங்! ஹாலில் விளக்கு வைத்து அழகாகப் போடுகிறார்கள். குளிர்ச்சிக்கு என்று சொல்லி விற்கிறார்கள். கொஞ்சம் குறையும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது தளத்துக்குக் கீழே இருக்கிறது. தளம் அந்த 60 டிகிரியை முழுக்க வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பகலில் விரிகிறது, ராத்திரி சுருங்குகிறது. மயிரிழை விரிசல் விடுகிறது. விரிசலில் மழை இறங்குகிறது. கடலோர உப்பு சேர்கிறது. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக் காரையைத் தள்ளுகிறது. பெயர்ந்து விழுகிறது. அதுவும் எங்கே? ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்! மேலே போடுகிற காப்பு வீட்டையும் காக்கிறது, தளத்தையும் காக்கிறது. கீழே போடுவது உங்களை மட்டும் கொஞ்சம் காக்கிறது. என் கையில் இருப்பது ஐம்பதாயிரம் என்றால் ஒரு ரூபாய் கூடச் சீலிங்குக்குக் கொடுக்க மாட்டேன். அதிலும் தெர்மாகோலை வெறுமனே சீலிங்கில் ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. தீப்பிடித்தால் அது உருகி எரிந்துகொண்டே தலையில் சொட்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் நம் ஊரில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எத்தனை மாடிகளில் தண்ணீர் குளமாக நின்றது! குழாய் வாயில் ஒரு பாலித்தீன் பை அடைத்திருந்ததே காரணமாக இருக்கும். ஊறிய காப்பு காப்பே இல்லை, ஏனென்றால் அதில் காற்று இருந்த இடத்தில் இப்போது தண்ணீர். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களுக்கு இன்னும் ஆபத்து. பராமரிப்பில்லாமல் கிடந்த நம் பழைய நகராட்சி மன்றமான மேரி கட்டடம், 1870களின் தொடக்கத்தில் எழுந்தது, 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். திரும்பக் கட்டியாகிவிட்டது, அது வேறு. வெள்ளையடிக்க மாடிக்கு ஏறுகிற அன்றைக்கே குழாய் வாயையும் பாருங்கள்.

கடைசியாக, கான்கிரீட் தளமே இல்லாத வீடுகள். தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இந்த ஊரில் அதிகம் வேகிறவர்கள் அவர்கள்தான், கூட்டத்தில் குறைவாகப் பேசுகிறவர்களும் அவர்கள்தான். ஷீட் மெல்லியது. அது சூட்டை ராத்திரி வரை சேர்த்து வைப்பதில்லை, மத்தியானமே இறக்கிவிடும். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது யார்? விடியற்காலை கடலுக்குப் போய்விட்டு வந்து பகலில் தூங்குகிறவர், கைக்குழந்தை, பாட்டி. இவர்களுக்கு முதல் வைத்தியம் மேலே வெள்ளை. ஆஸ்பெஸ்டாஸை உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது, உப்புத்தாள் போடக் கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். நனைத்துவிட்டு மெதுவாகத் துடைத்து அடிக்க வேண்டும். ஷீட்டின் மேல் ஏறி நிற்கவும் கூடாது, ஏணியில் பலகை போட்டு வேலை செய்ய வேண்டும். இரண்டாவது, ஷீட்டுக்குக் கீழே ஓர் அடி இடைவெளி விட்டு மூங்கில் தட்டி. இரண்டு முனையும் திறந்திருந்தால் நடுவில் உள்ள சூடான காற்று வெளியேறும். அடுப்பு இருக்கிற பக்கம் மட்டும் தட்டி வேண்டாம். இந்த இரண்டு வேலைக்கும் ஒரு வீட்டுக்கு ஆகிற செலவை இங்கே வந்திருக்கிற இளைஞர்களில் ஐந்து பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உழைப்பால் பாதியாகக் குறைத்துவிடலாம். செய்வீர்களா?

(கைதட்டல்.)

கைதட்டலைப் பேராகக் கொடுங்கள். மேசையில் நோட்டு இருக்கிறது. இன்னும் இரண்டு வாரத்தில் சித்திரை பிறக்கிறது, அதற்கு அடுத்த வாரம் சூரியன் உச்சியில் நிற்கும். சித்திரைக்கு முன்னால் நமக்குக் கிடைப்பது இரண்டு ஞாயிறுதான். துறைமுகம் போகிற வழியில் இருக்கிற ஷீட் வீடுகளிலிருந்து தொடங்கலாம் என்று தலைவர் சொல்கிறார், எனக்கும் அதுவே சரி.

நான் சொன்னதை நம்பாதவர்களுக்காக ஒரு வெப்பமானி கொண்டுவந்திருக்கிறேன். இப்போது மணி எட்டரை. இந்த மண்டபத்தின் மாடிச் சாவியைச் செயலாளர் வைத்திருக்கிறார். முதலில் இங்கே நாற்காலியில் ஏறிச் சீலிங்கை அளப்போம், பிறகு மேலே போய்த் தளத்தை அளப்போம். மேலே காற்று வாங்கி ஆறியிருக்கும், கீழே இன்னும் சுடும். குழந்தைகளை முதலில் விடுங்கள். படிக்கட்டில் விளக்கு இல்லையாம், பார்த்து ஏறுங்கள்.